மறைவாயுதச் சங்கமும் என் நான்காவது கால்சட்டையும்

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எடை விஷயத்தில் யாரும் பொய் சொன்னதில்லை. தாத்தா, அப்பா, நான் மூவருமே டன்லப் கிராஸிங் மாட்டுச் சந்தையில் எடை போட்டவர்கள். ஒரு காளையின் எடையில் இரண்டு பவுண்டு குறைத்துச் சொல்லும்படி ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் என் அப்பாவிடம் கெஞ்சினார். அப்பா அவரையே தராசில் ஏறச் சொல்லி, அந்த எண்ணைச் சந்தை முழுக்கக் கேட்கும்படி படித்தார். ஓக்லஹோமாவின் இந்தக் கிழக்கு மூலையில் டாக்கெட் என்ற பெயருக்கு இன்றும் இருக்கும் மதிப்பு அப்படி வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் எங்களைப் பற்றி வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது.

எங்கள் ஊரில் மறைவாயுதக் குடிமக்கள் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. தினமும் கைத்துப்பாக்கியோடு நடமாட வேண்டும், அது யாருக்கும் தெரியக் கூடாது, இதுதான் அதன் நோக்கம். யாருக்கும் தெரியாமல் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் யார் யார் என்று ஊருக்குத் தெரிவதற்காகச் சங்கம் எங்களுக்குத் தொப்பி, மேல்சட்டை, வண்டியில் ஒட்டும் சின்னம் எல்லாம் கொடுத்திருக்கிறது. ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் எங்களுக்குத் தனி வண்டி உண்டு. சங்கத்தைத் தொடங்கியவர் என் தாத்தா. அன்றைக்குத் துப்பாக்கியை மறைத்து வைப்பதே சட்டப்படி குற்றம். ஷெரிப்புக்கும் தெரியாமல் மறைக்க வேண்டியிருந்ததால் அந்தக் காலத்தில் தரம் உயர்வாக இருந்தது என்பார் அப்பா.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை ஆண்டுச் சோதனை. தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடக்கும். உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். யாரிடம் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்பதை நடுவர் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் உறுப்பினர் தோற்றார். தாத்தா காலத்திலிருந்து நடுவர் பதவி எங்கள் வீட்டில்தான். கூடத்துச் சுவரில் நாலடி நீள ஓக் பலகையில் ‘நடுவர்: டாக்கெட் குடும்பம்’ என்று செதுக்கியிருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடுவரும் சோதனைக்கு நிற்க வேண்டும். அவரோ, டாக்கெட் குடும்பத்து உறுப்பினர் வேறு யாருமோ தோற்றால் பலகை இறங்கிவிடும். பதவி தலைவருக்குப் போய்விடும்.

தலைவர் பர்ல் கெட்சம், டயர் கடைக்காரர். அந்தச் சுவரை அவர் இரண்டு முறை நாடா வைத்து அளந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

போன வருடம் நான் நிற்க வேண்டிய முறை. எனக்கு எழுபத்துநாலு வயது.

வசந்தகாலக் கூட்டத்தில் பர்ல் எழுந்து பேசினார். “பெரிய துப்பாக்கிய மறைக்கிறது ஒரு பெருமையா? தொப்பை இருந்தா போதும். நம்மள்ல முக்கால்வாசிப் பேருக்கு அந்த வசதி இருக்கு. போன வருஷம் நம்ம ஊர்ல நம்மள யாராவது தாக்க வந்தாங்களா? ஒருத்தனும் வரல. ஏன் வரல? நம்மகிட்ட துப்பாக்கி இருக்குன்னு அவனுங்களுக்குத் தெரியாது. தெரியாததுனாலதான் பயந்துட்டானுங்க!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் அந்தப் பேச்சில் ஏதோ இடித்தது.

அன்று ஒரு தீர்மானம் நிறைவேறியது. இனி எல்லோரும் கால்சட்டைப் பைக்குள் அடங்கும் சிறிய ரிவால்வர்தான் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று வகையை, வகைக்கு ஒரு வாரம் சுமந்து பார்த்து ஒப்பிட்டு, தினம் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். படிவத்தை உருவாக்கியவர் செயலாளர் வில்மா ஸ்ட்ரவுட். முப்பது வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்தவர். பிள்ளைகள் கழிப்பறைக்குப் போகவும் அனுமதிச் சீட்டு மூன்று பிரதி கேட்டவர்.

நான் மூன்று ரிவால்வர் வாங்கிவந்தேன். என் மனைவி நடீனிடம் ஒன்று என்று சொன்னேன். எண்ணிக்கை வேறு, எடை வேறு.

முதலாவது அலுமினியக் கலவையில் செய்தது. ஐந்து குண்டு, பதின்மூன்று அவுன்ஸ். பையில் போட்டால் இருப்பதே தெரியாது. ‘இன்று எத்தனை முறை ஆயுதம் நினைவுக்கு வந்தது?’ என்று படிவம் கேட்டது. ஒருமுறையும் இல்லை என்று உண்மையை எழுதினேன். நினைவில் இல்லாத ஆயுதத்தை வைத்திருந்ததாகக் கருத முடியாது என்று வில்மா திருப்பி அனுப்பிவிட்டார். சுட்டுப் பார்க்கலாம் என்று போனேன். இந்த மாதிரி ரிவால்வரின் விசையை இழுக்கப் பன்னிரண்டு பவுண்டு பலம் வேண்டும். என் விரல் மூட்டு ஏழு பவுண்டுக்கு மேல் சம்மதிப்பதில்லை. இரண்டு விரலை நுழைத்து இழுத்தேன். லேசான துப்பாக்கி கனமாக உதைக்கும் என்பது அப்போது தெரிந்தது. மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது, பல் செட்டு இடம் மாறியது. இன்னொரு முறை சுட்டுவிட்டு, எதிரிக்கு இந்த எச்சரிக்கை போதும் என்று முடிவு செய்தேன்.

இரண்டாவது முழுக்க எஃகு. இருபத்துநாலு அவுன்ஸ். சுடும்போது கையில் சாதுவாக இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் துதிப்பாட்டுக்கு எழுந்து நின்றபோது என் கால்சட்டையின் வலது பாதி மட்டும் உட்கார்ந்தே இருக்க விரும்பியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

நடீன் பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்தாள். “ஆர்வில், ஒண்ணு பாடு, இல்ல பேன்டைப் பிடி. ரெண்டும் சேர்ந்து உன்னால முடியல.”

நான் இடுப்பைப் பிடித்திருப்பதைப் பார்த்த போதகர், வலி என்று எண்ணி, “நம்ம சகோதரர் டாக்கெட்டோட இடுப்ப கர்த்தர் தொடணும்” என்று சபை முழுக்க எழுந்து நிற்க ஜெபம் செய்தார். ஆமென் என்றேன். வேறு என்ன சொல்வது? தொடர்ந்து மூன்று வாரம் என் இடுப்பு ஜெபப் பட்டியலில் இருந்தது.

மூன்றாவதற்குப் பின்பக்கம், குண்டைத் தட்டி வெடிக்க வைக்கும் சுத்தி துருத்திக்கொண்டிருக்கும். அதைக் கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளிவிட்டால் விசை லேசாகிவிடும், என் விரலுக்கு ஏற்றது என்றார் துப்பாக்கிக் கடைக்காரர். வாஸ்தவம்தான். ஆனால் அவசரமாக வெளியே எடுத்தபோது சுத்தி துணியில் மாட்டி, பையின் உள்பக்கம் முழுவதும் கைக்குட்டையோடும் வண்டிச் சாவியோடும் வெளியே வந்தது. பயிற்சிக்கு நிறுத்திய அட்டை எதிரியை நோக்கி நான் நீட்டிய கையில் துப்பாக்கியைத் தவிர எல்லாம் தெரிந்தன.

படிவத்தின் கடைசிக் கேள்விதான் என்னை அலைக்கழித்தது. ‘இன்று எத்தனை பேர் நீங்கள் ஆயுதம் வைத்திருப்பதைக் கவனிக்கவில்லை?’ கவனிக்காதவர்களைக் கேட்காமல் எப்படி எண்ணுவது? சாலையோர உணவகத்தில் பரிமாறும் பெண்ணிடம் கேட்டேன்.

“ஏம்மா, என்கிட்ட ஏதாவது வித்தியாசமா கவனிச்சியா?”

“சட்டையில கிரேவி சிந்தியிருக்கு.”

“அது இல்ல. கீழ. இடுப்புப் பக்கம்.”

அவள் முகம் மாறியது. “மிஸ்டர் டாக்கெட், கவலைப்படாதீங்க. உங்க இடுப்புக்காக எங்க மெத்தடிஸ்ட் சபையிலயும் ஜெபம் பண்ணிட்டுதான் இருக்கோம்.”

‘ஒருவர்’ என்று நிரப்பினேன்.

என் மகள் ஜோலீனும் சங்கத்து உறுப்பினர்தான். குடும்பப் பெயருக்காக நான் சேர்த்துவிட்டேன். அவள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் செவிலி. நாலு வருடத்துக்கு முன்னால் ஹாலோ ரோட்டில் ஒரு நோயாளியின் குடிகார மகன் அவள் கார்க் கதவைத் திறக்கவிடாமல் முக்கால் மணி நேரம் சாய்ந்து நின்றான். அதற்குப் பிறகு அவள் ஒரு ரிவால்வரை எப்போதும் வைத்திருக்கிறாள். சோதனைக்கு மட்டும் வரமாட்டாள்; சனிக்கிழமை அவளுக்கு வேலை.

மூன்று துப்பாக்கியையும் சமையலறை மேசையில் வைத்து எடை போட்டுக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள்.

“ஒண்ணுன்னு அம்மா சொன்னாங்க?”

“ஒப்பீடு.”

“சரி, ஒப்பிட்டாச்சு. யார்கிட்டேர்ந்து உங்களக் காப்பாத்திக்கன்னு யோசிச்சீங்களாப்பா?”

யோசித்தேன். “பர்ல் கெட்சம்கிட்டேர்ந்து” என்றேன். வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை.

எஃகைத் தேர்ந்தெடுத்தேன். எடையுள்ளதுதான் டாக்கெட்டுக்கு அழகு.

சோதனை நாள் காலையில் நிலைக்கண்ணாடி முன் நின்றேன். பண்ணை வேலைக்குப் போடும் ஓவரால் போட்டுப் பார்த்தேன். பையில் பூசணிக்காய் வைத்த மாதிரி இருந்தது. காக்கிக் கால்சட்டையில் துப்பாக்கியின் முழு உருவமும், உருளையின் வளைவு உட்படத் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் கொஞ்சம் பரவாயில்லை. நான்காவதாக, என் கல்யாண நாளுக்கு வாங்கிய கறுப்புக் கால்சட்டையைப் போட்டேன். என்ன ஆச்சரியம்! ஒரு மேடு இல்லை, ஒரு மடிப்பு இல்லை. பக்கவாட்டில் திரும்பினேன், குனிந்தேன், ஒரு காலைத் தூக்கினேன். ஒன்றும் தெரியவில்லை. நல்ல தையல் என்றால் இதுதான் என்று எண்ணிக்கொண்டு கிளம்பினேன்.

தீயணைப்பு நிலையத்தில் புகைபோட்ட மாட்டு நெஞ்சுக்கறி மணந்தது. முப்பத்தெட்டுப் பேர் நாற்காலியில் இருந்தார்கள். நடுவரைச் சோதிப்பவர்கள் தலைவரும் செயலாளரும். முதலில் உட்காரச் சொன்னார்கள். பிறகு கீழே ஒரு முள்கரண்டியைப் போட்டு எடுக்கச் சொன்னார்கள். அடுத்தது நட்புத் தழுவல்: வில்மா ஸ்ட்ரவுட் விதிப்படி எட்டு நொடி கட்டிப்பிடிப்பார். எட்டு நொடியும் கடிகாரத்தைப் பார்த்தபடியே பிடித்தார். பர்ல் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். தொட்டுப் பார்க்கக் கடைசியில் ஒருமுறை அனுமதி உண்டு. இடுப்பு, முதுகு, கணுக்கால் எல்லாம் தடவினார். அவருக்கு வியர்த்தது.

“எதுவுமே தட்டுப்படல” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

“நூற்றுக்கு நூறு” என்று வில்மா எழுதினார். “சங்க வரலாற்றுலயே முதல் தடவை. இப்ப வெளிப்படுத்தல். மிஸ்டர் டாக்கெட், ஆயுதத்த மேசையில வைங்க.”

வெற்றிப் புன்னகையோடு பையில் கைவிட்டேன். புதினா மிட்டாய் ஒன்று இருந்தது.

இன்னொரு பை. அதில் அதுவும் இல்லை. சாம்பல் நிறக் கால்சட்டை என் கண்முன் வந்து நின்றது. கட்டில்மேல், பை கனத்துத் தொங்கியபடி. மூன்று தலைமுறை எடை போட்ட வம்சம். இருபத்துநாலு அவுன்ஸ் குறைந்ததை என் தொடை எனக்குச் சொல்லவில்லை.

சுவரில் பலகையைப் பார்த்தேன். அப்பா, அந்தப் பெரிய மனிதரின் எடையைப் படித்த குரலில் என்னைக் கூப்பிடுவது போலிருந்தது. நிமிர்ந்து நின்றேன்.

“என்கிட்ட துப்பாக்கி இல்ல. வீட்டுல மறந்துட்டேன்” என்றேன்.

கூடம் அதிர்ந்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள்.

“பார்த்தீங்களாய்யா! முகத்துல ஒரு அசைவு இல்ல!” என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர்.

“நான் நிஜமாத்தான் சொல்றேன்.”

வில்மா விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “விதி பதினாலு. ‘ஆயுதம் உண்டா எனக் கேட்கப்பட்டால் உறுப்பினர் இல்லை என்று கூறலாம்.’ கூறலாம்னுதான் இருக்கு. இதுவரைக்கும் யாருக்கும் அந்தத் துணிச்சல் வரல. கூடுதலா அஞ்சு மார்க்.”

இரண்டு பையையும் வெளியே இழுத்துக் காட்டினேன். பலத்த கைதட்டல். சட்டையைக் கழற்றினேன். “இன்னும் கண்டுபிடிக்க முடியல பாரு!” என்று யாரோ கத்தினார்கள். வேறு வழியின்றி வீட்டுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

“நடீன், கட்டில்மேல பாரு. என் ரிவால்வர் இருக்கா?”

“ஆமா, கழட்டிப் போட்ட துணிக்கு நடுவுல கிடக்கு. இதையும் நானேதான் மடிச்சு வைக்கணுமா?”

பர்ல் கெட்சம் தலையில் கைவைத்துக்கொண்டார். “வீட்டம்மாவையும் பழக்கி வெச்சிருக்காரு! இந்தக் குடும்பத்த ஜெயிக்கவே முடியாதுய்யா.”

நூற்றைந்து மதிப்பெண்ணோடு வீட்டுக்கு வந்தேன். நடந்ததைச் சொன்னபோது நடீன் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகத் தப்பான எடை ஒன்று பதிவாகியிருந்தது. அதுவும் எங்கள் பெயரிலேயே.

சங்க மாத இதழில் என் ஒப்பீட்டு அறிக்கையைக் கேட்டார்கள். இதில்தான் மானத்தை மீட்க வேண்டும் என்று, மூன்று துப்பாக்கியின் குறைகளையும் எழுதிவிட்டு, கடைசியில் இப்படிச் சேர்த்தேன்: ‘சோதனையன்று என்னிடம் இருந்தது: எடை ஒன்றும் இல்லை. குண்டு ஒன்றும் இல்லை. விசையை இழுக்கத் தேவையான பலம் ஒன்றும் இல்லை. கால்சட்டை இறங்கவில்லை.’ இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனால் ஒப்புக்கொள்ள முடியாது.

‘நடுவரின் பரிந்துரை’ என்று தலைப்புப் போட்டு முதல் பக்கத்தில் வெளியிட்டார்கள். அந்த வகை எப்போது வரும் என்று பதினொரு பேர் துப்பாக்கிக் கடையில் விசாரித்தார்களாம். கடைக்காரர் எனக்குப் போன் செய்து, எங்கே தயாராகிறது என்று கேட்டார்.

இந்த வருடச் சோதனைக்கு முன்பே வில்மா வெளிப்படுத்தல் கட்டத்தை ரத்து செய்துவிட்டார். வெளிப்படுத்தினால் மறைவு கெடுகிறது என்பது காரணம். தொடர்ந்து சோதனைக்கு வராதவர்கள் நீக்கப்படுவார்கள் என்றும் சேர்த்தார். ஆகவே ஜோலீன் வந்தாக வேண்டும். நீக்கமும் தோல்விக் கணக்கில்தான் சேரும், பலகை இறங்கும்.

நான் நடுவர் நாற்காலியில் இருந்தேன். முதல் ஆளைத் தடவினேன். ஒன்றும் இல்லை. இரண்டாவது ஆள், ஒன்றும் இல்லை. பத்தாவது ஆள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்தார்கள், சுலபமாகக் குனிந்தார்கள், இரண்டு தட்டுக் கறி சாப்பிட்டார்கள். யாருடைய கால்சட்டையும் இறங்கவில்லை. பர்ல் கெட்சமின் தொப்பைக்குக் கீழே தொப்பையைத் தவிர வேறு எதுவும் தட்டுப்படவில்லை.

முப்பத்தேழு பேர். முப்பத்தேழு நூறு.

பர்ல் இடையில் எழுந்து பேசினார். “இந்தக் கூடத்துல இன்னைக்கு முப்பத்தேழு துப்பாக்கி இருக்கு. ஒண்ணாவது கண்ணுக்குத் தெரியுதா? எதிரி உள்ள வந்தா யாரப் பார்த்துப் பயப்படறதுன்னே தெரியாம நிப்பான்!”

கடைசியாக ஜோலீன் வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்ததால் நீலச் செவிலி உடையில் இருந்தாள். பத்தடி தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வலது பை கனத்து, அந்தப் பக்கத் துணி முழுக்க இழுபட்டிருந்தது. கரண்டியை எடுக்கக் குனிந்தபோது மேசைக்காலில் ‘டங்’ என்று இடித்தது. முப்பத்தேழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் தொட்டுப் பார்க்க அருகில் போனேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“அப்பா, சீக்கிரம். மூணு மணிக்கு ஹாலோ ரோட்டுல ஒருத்தருக்குக் கட்டு மாத்தணும். இருக்குன்னு சொல்றீங்களோ, இல்லைன்னு சொல்றீங்களோ, உங்க இஷ்டம்.”

பர்ல் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வில்மா பேனாவை மதிப்பெண் கட்டத்தின் மேலேயே வைத்திருந்தார்; பழக்கத்தில் ஒன்று போட்டு, ஒரு பூஜ்யமும் போட்டுவிட்டார். ஒரே ஒரு சொல் போதும். இல்லை என்று சொன்னால் அந்த மண்டபத்தில் யாரும் மறுக்கப்போவதில்லை. மறுக்க அங்கே யாருக்கும் யோக்கியதை இல்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

“இருக்கு” என்றேன். “வலது பை. எஃகு. குண்டோட இருபத்தாறு அவுன்ஸ்.”

போன வருடம் சட்டையைக் கழற்றி, பையை இழுத்துக் காட்டி, மனைவியைச் சாட்சிக்குக் கூப்பிட்டுச் சொன்ன உண்மையை ஒருவரும் நம்பவில்லை. இதை எல்லோரும் உடனே நம்பினார்கள். வில்மா இரண்டாவது பூஜ்யத்தைப் போடவில்லை. எழுதியதை அடித்துவிட்டு ‘தோல்வி’ என்று எழுதினார். பர்ல் ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போகவில்லை. அது அவரிடமே இருந்தது. அவர் அதை எங்கே மறைத்து வைத்திருந்தார் என்பதை நான் கண்டுபிடிக்கத் தவறியிருக்கிறேன்.

அவர் பலகையின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மற்றவர்கள் மெல்ல ஜோலீனைச் சுற்றி வந்தார்கள்.

“நிஜமாவே எடுத்துட்டு வந்திருக்கியாம்மா?” என்றார் ஒருவர்.

“தினமுமா?” என்றார் இன்னொருவர். “கனமா இருக்காது?”

“கனந்தான்” என்றாள் ஜோலீன். வழி விடச் சொல்லி வெளியே போனாள்.

பலகையை என்னிடம் கொடுத்தார்கள். நாலடி நீளம், முழு ஓக் மரம், முப்பத்தொரு பவுண்டு. எந்தக் கால்சட்டைக்குள்ளும் அடங்காது. எழுத்துகள் வெளிப்பக்கம் தெரியும்படி தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, கடைவீதி வழியாக, இடுப்பைப் பிடிக்காமல் வீட்டுக்கு நடந்தேன்.